அரைக்கு மேல் ஏறாத முள்

ஜனவரி 4, சனி

நூல் ஏஜென்சிக்காரர்கள் வருடா வருடம் தரும் டைரியில் இதுவரை நான் எழுதியதெல்லாம் பின்னலாடை மெஷின்களின் நோய்கள்தான். எந்தக் கம்பெனியில் எந்த மெஷினுக்கு எந்த எலக்ட்ரானிக் போர்டு போனது, எதை மாற்றினேன் என்று. இந்த வருடம் வீட்டு விஷயத்தையும் எழுதலாம் என்று தோன்றியது. பெரிய காரணம் ஒன்றுமில்லை. வீட்டில் ஒரு வேலை வந்திருக்கிறது.

என் மனைவி கோகிலவாணிக்குக் கார் ஓட்டுவதுதான் தொழில். திருப்பூரில் பெண்களுக்கு மட்டும் என்று டிரைவிங் ஸ்கூல் ஆரம்பித்துப் பதினொரு வருடம் ஆகிறது. தீபாவளிக்கு முன்னால் தனக்கென்று ஒரு பழைய சிவப்புக் கார் வாங்கினாள். சின்ன வண்டிதான், ஆனால் டர்போ வைத்தது. எஞ்சினிலிருந்து வெளியே போகிற புகையின் வேகத்தில் ஒரு குட்டி விசிறி சுற்றும். அந்தச் சுற்றலில் எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும். அதுதான் டர்போ. காற்று கூடினால் வண்டி பாயும். எவ்வளவு திணிக்கிறது என்று காட்டும் மீட்டர் மட்டும் அந்த வண்டியில் கிடையாது. அதைத் தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும். பூஸ்ட் கேஜ் என்கிறார்கள்.

இன்று மாலை அந்த டப்பாவோடு வந்தாள்.

"மாமா, உங்களுக்கு ஒரு வேலை. பிப்ரவரி ரெண்டாந்தேதி கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு டிராக்குல டைம் ட்ரையல் நடத்தறாங்க. லேடீஸுக்குத் தனிப் பிரிவு. பேர் குடுத்துட்டேன். அதுக்குள்ள இதை மாட்டிப்போடோணும்."

"ரேஸா?" என்றேன்.

"ரேஸில்லீங் மாமா. ஒவ்வொருத்தரா தனித்தனியா சுத்தி வரோணும். யாரு கம்மி நேரத்துல வர்றாங்கன்னு பாப்பாங்க, அவ்வளவுதான். பதினொரு வருசமாப் பக்கத்து சீட்ல உக்காந்து பிரேக்கை மட்டுமே மிதிச்சிட்டிருக்கேன். ஒருக்காவாவது ஆக்சிலேட்டரை முழுசா அமுத்திப் பாக்கோணும்."

நியாயமான ஆசை. நானும் அப்படித்தான் சொன்னேன். டப்பாவைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு மீட்டர், அதை உட்கார வைக்க ஒரு கிண்ணம், ஒல்லியாக ஒரு பிளாஸ்டிக் டியூப், கொஞ்சம் வயர். அரை நாள் வேலை. நாளைக்கே முடித்துவிடலாம்.

ஜனவரி 5, ஞாயிறு

வேலை நடக்கவில்லை. அந்த டியூப் சரியில்லை. எஞ்சின் பக்கத்திலிருந்து உள்ளே வரைக்கும் சூட்டில் கிடக்க வேண்டிய சாமான் அது. இதுவோ கூல்டிரிங்ஸ் உறிஞ்சும் குழாய் மாதிரி இருக்கிறது. செய்முறைக் காகிதத்திலும் எழுத்து பொடிப் பொடியாக இருக்கிறது. வானமும் மூட்டமாக இருந்தது.

வாணி ஏன் மாட்டவில்லை என்று கேட்கவே இல்லை. கேட்டால் சொல்வதற்கு இவ்வளவும் தயாராக வைத்திருந்தேன்.

ஜனவரி 9, வியாழன்

பொங்கல் நெருங்குவதால் எல்லாக் கம்பெனியிலும் அவசரம். மூன்று இடத்தில் போர்டு மாற்றினேன்.

இரவுச் சாப்பாட்டின்போது வாணி ஒரு கதை சொன்னாள். ஸ்கூலுக்கு ஒரு பனியன் கம்பெனி முதலாளி மனைவியோடு வந்திருக்கிறார். மனைவி ஒரு பக்கம் உட்கார்ந்து ஃபாரம் எழுதிக்கொண்டிருக்க, அவர் வாணியிடம் குனிந்து, "அவளுக்கு ரொம்பப் பயமுங்க. ரெண்டு நாள் பாத்துட்டு நின்னுக்குவா" என்றாராம்.

"அந்தம்மா முதல் நாளே மேம்பாலத்துல ஏத்தி எறக்கிட்டாங்க மாமா. கை கூட நடுங்கல. அந்தாளு எங்களுக்குப் பின்னாடியே ஸ்கூட்டர்ல வந்தாரு. எறங்கறப்ப அவருக்குத்தான் வேர்த்து ஊத்துது."

நன்றாகச் சிரித்தேன். சில ஆண்கள் அப்படித்தான்.

ஜனவரி 12, ஞாயிறு

காங்கயம் ரோட்டில் கார் சாமான் கடை வைத்திருக்கும் இலியாஸைப் பார்க்கப் போனேன். வாணிக்குக் காரைத் தேடிக் கொடுத்ததும் அவர்தான். சூடு தாங்குகிற சிலிகான் ஹோஸ் ஒன்றைச் சென்னையில் ஆர்டர் போட்டிருக்கிறேன், பொங்கலுக்கு நடுவில் பார்சல் வராது, இருபதாம் தேதிக்கு மேல் ஆகும் என்று சொன்னேன்.

இலியாஸ் எழுந்து அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு ஒரு சுருள் ஹோஸை எடுத்து மேஜை மேல் போட்டார்.

"இதானுங்கண்ணா?"

அதேதான்.

"இது கறுப்பு" என்றேன். "நான் நீலம் சொல்லியிருக்கேன்."

"பானட்டுக்குள்ள கெடக்கறதுக்கு நீலமென்ன கறுப்பென்ன?" என்றார். பிறகு என்னைச் சற்று நேரம் பார்த்தார். "சிகாமணிண்ணா, அக்கா ஓட்டறதுல உங்களுக்கு ஏதாச்சும்…"

"எனக்கென்ன? எனக்கு ஒன்னுமில்ல. வேலை சுத்தமா இருக்கோணும், அவ்வளவுதான்."

இரண்டு மீட்டர் வெட்டிக் கையில் கொடுத்துவிட்டார். சென்னை ஆர்டரை ரத்து செய்ய வேண்டும்.

ஜனவரி 15, புதன். மாட்டுப் பொங்கல்

மாட்டிவிட்டோம்.

எங்களுக்கு மாடு கிடையாது. அதனால் வாணி காலையில் இரண்டு கார்களையும் கழுவி, பாடம் நடத்தும் வெள்ளைக் காருக்கும் சிவப்புக் காருக்கும் பொட்டு வைத்து, ஆளுக்கொரு மாலை போட்டாள். பொங்கல் சாப்பிட்டதும், "இன்னைக்கு எந்தக் கம்பெனியும் கூப்பிடாது. வாங்க" என்றாள். டூல்ஸ் பெட்டியை அவளே தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

முதலில் பேட்டரி வயரைக் கழற்றினேன். எஞ்சினுக்குள் காற்று நுழைகிற இடத்திலிருந்து ஒரு சின்ன ரப்பர் குழாய் கிளம்புகிறது. அதை நடுவில் வெட்டி, மூன்று வாய் உள்ள ஒரு ஜாயின்டைச் செருகி, மூன்றாவது வாயில் புது ஹோஸை மாட்டி கிளிப் போட்டேன். இனி எஞ்சினுக்குப் போகிற காற்றின் அழுத்தம் இந்த ஹோஸ் வழியாக மீட்டருக்கும் தெரியும்.

ஹோஸை வண்டிக்குள் கொண்டுவருவதுதான் சிரமம். எஞ்சினுக்கும் நம் காலுக்கும் நடுவே இரும்புத் தடுப்பு இருக்கிறது. வயர்க் கட்டு நுழைவதற்கு அதில் ஓரிடத்தில் ரப்பர் புஷ் வைத்திருக்கிறார்கள். பழைய சைக்கிள் ஸ்போக் ஒன்றின் முனையில் ஹோஸை டேப் சுற்றிக் கட்டி, வெளியே இருந்து நான் குத்தினேன். உள்ளே வாணி டிரைவர் சீட்டில் தலைகீழாகப் படுத்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு டேஷ்போர்டுக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வருதா?"

ஏதோ சொன்னாள். டார்ச் வாயில் இருந்ததால் புரியவில்லை. இன்னும் தள்ளினேன். டார்ச் கீழே விழும் சத்தம் கேட்டது.

"நிறுத்துங்க மாமா. என்ற கண்ணுக்கு நேரா வருது."

அதில் அவளுடைய மூக்குக் கண்ணாடி மட்டும் பலியானது. அவளுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. கால் இரண்டும் ஜன்னலுக்கு வெளியே ஆடிக்கொண்டிருந்தன. எதிர்வீட்டுப் பாப்பா கரும்பைக் கடித்தபடி வந்து, "ஆன்ட்டிக்கு என்ன ஆச்சு?" என்று என்னைக் கேட்டது.

மீட்டருக்கு விளக்கு எரிய ஃபியூஸ் பெட்டியிலிருந்து வயர் எடுத்தேன். சாவி போட்டால் மட்டும் எரிகிற மாதிரி. முன்கண்ணாடிக்கு வலது பக்கத் தூணில் கிண்ணத்தை ஒட்டி, அதில் மீட்டரை உட்கார வைத்தேன். தொங்கிய இடத்திலெல்லாம் கேபிள் டை போட்டு இறுக்கினேன். என் வேலையில் வயர் தொங்கக் கூடாது.

வாணி சாவியைத் திருப்பினாள். முள் பூஜ்யத்திலிருந்து கீழே சரிந்தது.

"ரிப்பேரா?"

"இல்ல. சும்மா நிக்கறப்ப எஞ்சின் காத்தை உறிஞ்சும். அப்ப மைனஸ்தான் காட்டும். மிதிச்சா பூஜ்யத்தைத் தாண்டி மேல போகும்."

அவள் காலை லேசாக வைத்து எடுத்தாள். முள் துள்ளி இறங்கியது. திரும்பவும் செய்தாள். திரும்பவும். அவளுடைய முகத்தை நான் அப்படிப் பார்த்து நாளாகிறது.

ஜனவரி 16, வியாழன்

கம்பெனிகள் மூடியிருப்பதால் தொழிற்பேட்டைக்குள் ரோடு காலியாக இருக்கிறது. காலையில் ஓட்டிப் பார்க்கப் போனோம். நான் கார் ஓட்டுவதில்லை, எனக்கு ஸ்கூட்டர் போதும். இன்று என் வேலை பக்கத்தில் உட்கார்ந்து முள்ளைப் படித்துச் சொல்வது. ஓட்டுகிறவள் ரோட்டைத்தானே பார்க்க வேண்டும்.

மூன்றாவது கியரில் முழுசாக மிதித்தாள். முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது.

"சொல்லுங்க மாமா."

"பூஜ்யம். கால். அரை. அரை. அரை."

"அவ்வளவுதானா?"

"அரை."

ஓரமாக நிறுத்திவிட்டு, "இது போதுமா? கம்பெனிக்காரன் எவ்வளவு வரோணும்னு சொல்றான்?" என்று கேட்டாள்.

"வண்டிக்கு வண்டி மாறும்" என்றேன். அது உண்மைதான். "போதும். நல்லாத்தான் இருக்குது."

ஜனவரி 17, வெள்ளி

இலியாஸ் போன் செய்தார். இந்த வண்டிக்கு முள் 'ஒன்று' என்ற அளவை ஒட்டி வர வேண்டுமாம். நெட்வொர்க் சரியாக இல்லை, பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

ஜனவரி 19, ஞாயிறு

வாணி வகுப்புக்குப் போயிருந்தாள். சும்மா இருக்கிறோமே என்று சிவப்பு வண்டியின் பானட்டைத் திறந்தேன்.

பின்னல் மெஷின்களுக்கெல்லாம் காற்று வேண்டும். எங்கே காற்று ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பது என் தினசரி வேலையில் ஒன்று. சோப்புத் தண்ணீரைத் தடவி, காற்றை ஏற்றினால், ஒழுகுகிற இடத்தில் நுரை பொங்கும். டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்று போகிற தடித்த ரப்பர் ஹோஸின் ஒரு முனையை அடைத்துக் கம்ப்ரசரை வைத்தேன். ஹோஸ் வளைகிற இடத்தில், கீழ்ப்பக்கமாக, ஒரு விரல் நீளத்துக்கு நுரை வந்தது. சும்மா இருக்கும்போது அந்த விரிசல் மூடியிருக்கிறது. அழுத்தம் வந்தால் வாயைத் திறக்கிறது. திணிக்கிற காற்றில் பாதி அப்படியே வெளியே போகிறது.

வண்டிக்கு இதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. மெதுவாகப் போகும், அவ்வளவுதான்.

துடைத்துவிட்டு பானட்டை மூடினேன். மதியம் தக்காளி வாங்கி வந்தேன். இன்று வேறு விசேஷம் இல்லை.

ஜனவரி 22, புதன்

அவிநாசியில் ஒரு கம்பெனி. இரண்டு போர்டு. வீட்டில் எல்லாம் நலம். நன்றாகத் தூங்குகிறேன்.

ஜனவரி 26, ஞாயிறு

பயிற்சி நாள். இலியாஸும் எங்களோடு வந்தார். டிராக்கில் காலையில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். ஹெல்மெட், பெல்ட், தீயணைப்பு சிலிண்டர் எல்லாவற்றையும் பரிசோதித்த பிறகுதான் உள்ளே விட்டார்கள். ஆம்புலன்ஸ் ஒன்று நின்றது. நான் போய் அதன் டிரைவரோடு பேசினேன். டீசல் இருக்கிறதா, சாவி எங்கே வைப்பார் என்று சும்மா கேட்டு வைத்தேன்.

பெண்கள் ஒன்பது பேர். கோவைப் பல் டாக்டர் ஒருவர், கல்லூரிப் பெண்கள் சிலர், ஈரோட்டிலிருந்து கைக்குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்த ஒரு பெண். வாணிதான் எல்லோருக்கும் மூத்தவள். வளைவுகளில் அவள் வண்டியைத் திருப்பியதைப் பார்த்து, அங்கே நின்ற அதிகாரி ஒருவர், "இந்த அக்கா யாரு? கோடு போட்ட மாதிரி போறாங்க" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆனால் நேர்ரோட்டில் எல்லோரும் பறந்தார்கள். அவள் மட்டும் பறக்கவில்லை. ஒன்பது பேரில் ஒன்பதாவது. எட்டாவது ஆளுக்கும் அவளுக்கும் நடுவே பெரிய இடைவெளி.

இலியாஸ் என் பக்கம் திரும்பி, "முள்ளு எவ்வளவு வந்துச்சுங்கண்ணா?" என்றார்.

"சரியாத்தான் இருந்துச்சு" என்றேன்.

வாணி ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஒரு டயர் மேல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

"அமுத்தறேன்னுதான் நெனைக்கறேன் மாமா. அமுத்தலையாட்ட இருக்குது. பிரேக்கே மிதிச்சுப் பழகின காலு. தைரியம் இருக்குதுன்னு நானா நெனச்சிட்டு இருந்திருக்கறேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தூசி என்றாள். நான் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன்.

ஜனவரி 27, திங்கள்

போட்டிக்குப் போகவில்லை என்று சொல்லிவிடப் போகிறாளாம். இலியாஸிடம் சிவப்புக் காருக்கு ஆள் பார்க்கச் சொல்லப் போகிறாளாம். "ஆசைப்பட்டேன், பாத்துட்டேன், போதுமுங் மாமா" என்றாள். குரலில் வருத்தம் கூட இல்லை. அதுதான் என்னவோ போல இருந்தது.

இனி நான் நிம்மதியாக இருக்கலாம். அவரைக்காய்ப் பொரியல் நன்றாக இருந்திருக்க வேண்டும். எனக்குத்தான் இறங்கவில்லை.

ஜனவரி 28, செவ்வாய்

மதியம் ஒரு கம்பெனியில் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு அவளுடைய ஸ்கூலுக்குப் போனேன். ஒரே அறைதான். சுவர் முழுக்கச் சாலை விதிப் படங்கள். இரண்டு பெண்களுக்கு 'முந்திச் செல்லாதே' சின்னத்தைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தாள். கணவர்கள் உட்காருவதற்கென்று வாசல் ஓரமாகப் போட்டிருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அந்தப் பெண்கள் போனதும், "என்ன மாமா, இந்நேரத்துல?" என்றாள்.

"உன்ற காலு இல்ல" என்றேன்.

"என்ன?"

"நீ முழுசாத்தான் அமுத்துன. காத்து ஒழுகுது. பெரிய ஹோஸ்ல விரிசல். முள்ளு ஒன்னு வரோணும், உனக்கு அரைக்கு மேல ஏறல. பாதிக் காத்துலதான் ஓட்டியிருக்கற."

அவள் முகம் முதலில் மலர்ந்தது. அதைப் பார்த்தேன். பிறகுதான் யோசிக்க ஆரம்பித்தாள்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"மாட்டுப் பொங்கலுக்கு மறுநாளே முள்ளுல தெரிஞ்சுது. விரிசலைப் போன ஞாயித்துக்கெழமைக்கு முந்துன ஞாயித்துக்கெழமை பாத்தேன்."

"அப்ப டிராக்குல நான் உக்காந்திருந்தப்ப உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சுட்டேதான் தண்ணி பாட்டில் குடுத்தீங்க."

அவள் மேஜையைத் துடைத்தாள். ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. பையை எடுத்து மாட்டிக்கொண்டு, "ஷட்டரை நீங்களே எறக்கிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனாள். என்னுடைய ஸ்கூட்டரை. நான் டவுன்பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன்.

ஜனவரி 29, புதன்

தோசை. பேச்சு இல்லை. தோசை நன்றாகத்தான் இருந்தது.

ஜனவரி 30, வியாழன்

காலையில் எழுந்து வெளியே வந்தபோது சிவப்புக் காரின் பானட் திறந்திருந்தது. வாணி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அந்தப் பழைய ஹோஸைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். புது ஹோஸ் பக்கத்தில் இருந்தது. நேற்றே இலியாஸிடம் சொல்லி வாங்கியிருக்கிறாள்.

"நான் மாட்டறேன்" என்றேன்.

"டார்ச் மட்டும் புடிங்க."

பிடித்தேன். விரிசலை விரலால் அகலமாக்கிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"பதினொரு வருசமா எத்தனை புருசனுகளைப் பாத்துட்டேன் மாமா. அத்தனை பேரும் அவளுக்குப் பயம், அவளுக்குப் பயம்னுதான் சொல்லுவாங்க. எனக்குப் பயமா இருக்குதுன்னு ஒருத்தரும் சொன்னதில்ல. நீங்க அவுங்களை விட மோசம். அவுங்களாவது வாயில சொல்லுவாங்க. நீங்க வண்டியை வெச்சு எனக்குச் சொல்லிட்டீங்க, உனக்கு வராதுன்னு. நானும் நம்பிட்டேன்."

டார்ச் வெளிச்சம் ஹோஸை விட்டு விலகியிருக்க வேண்டும். "வெளிச்சத்தை இங்க காட்டுங்க" என்றாள்.

"பயமாத்தான் இருந்துச்சு" என்றேன்.

"எதுக்கு?"

"அந்த ஆம்புலன்ஸைப் பாத்தா… நீ இல்லாம நான்…" என்று ஆரம்பித்து, "பொரியல்கூட எறங்க மாட்டேங்குது" என்று எப்படியோ முடித்தேன்.

கிளிப்பை இறுக்கிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று தோள் காட்டிக்கொடுத்தது.

"இதைப் பொங்கலன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே பதில் சொல்லியிருப்பேன்."

"என்ன பதில்?"

"நல்லாப் பயந்துக்கோங்க, நான் போயிட்டு வந்துடறேன்னு."

ஸ்பேனரை என்னிடம் நீட்டினாள். "இதுக்கு மேல எனக்குக் கை எட்டல. இறுக்குங்க. ஒழுங்கா இறுக்குங்க."

இறுக்கினேன். என் வாழ்நாளில் எந்த கிளிப்பையும் அப்படி இறுக்கியதில்லை.

பேட்டையில் இப்போது லாரிகள் ஓடுவதால் பைபாஸுக்குப் போனோம். மூன்றாவது கியரில் மிதித்தாள். நான் படித்தேன். கால், அரை, முக்கால். அதற்கு மேல் முள்ளை விட்டுவிட்டு ரோட்டைப் பார்த்தேன். வண்டி அப்படி ஒரு உறுமு உறுமிக்கொண்டு போனது. வாணி ஒரு வார்த்தையும் பேசாமல் காலை எடுத்தாள், இண்டிகேட்டர் போட்டு ஓரமாக நிறுத்தினாள், ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"மறுக்காப் போலாமா?" என்றாள்.

"போலாம்" என்றேன். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஆளுக்கு மூன்று சுற்று. அதில் எது குறைந்த நேரமோ அதுதான் கணக்கு. வாணி ஏழாவதாக டிராக்கில் இறங்கினாள். நானும் இலியாஸும் இரண்டாவது வளைவுக்குப் பக்கத்தில் வேலி ஓரமாக நின்றோம்.

முதல் சுற்று. நேர்ரோட்டில் போன வாரம் போல இல்லை, சத்தமே வேறு. இலியாஸ் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அவளும் அவ்வளவு வேகத்தை அந்த வளைவுக்கு முன்னால் பார்த்ததில்லை. பிரேக்கைத் தாமதமாக மிதித்தாள். வண்டியின் பின்பக்கம் நழுவி, ஒரு முழு வட்டம் சுற்றி, ஓரத்துப் புல்லில் போய்ப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு நின்றது. புழுதிக்குள் எதுவுமே தெரியவில்லை.

அந்த நேரத்தில் என்ன நினைத்தேன் என்று எழுத முடியாது. எதுவும் நினைக்கவில்லை. இலியாஸ் என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் நான் வேலியில் பாதி ஏறியிருக்கிறேன் என்று தெரிந்தது.

"எறங்குங்கண்ணா. பாருங்க, எஞ்சின் ஓடுது."

புழுதி அடங்கியது. சிவப்பு வண்டி புல்லில் ரிவர்ஸ் எடுத்தது. நின்றது. டிராக்கில் வேறு வண்டி எதுவுமே கிடையாது, அவள் ஒருத்திதான். ஆனாலும் வலது பக்க இண்டிகேட்டரைப் போட்டு, கொஞ்சம் பொறுத்து, ஒழுங்காக ஓரத்திலிருந்து ரோட்டில் ஏறினாள்.

கொடி பிடித்துக்கொண்டிருந்த ஆள் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். மேடையில் மைக்கில் பேசியவரும் அதைப் பார்த்துவிட்டார். "இந்த டிராக்கில் சிக்னல் போட்டுத் திரும்பிய முதல் போட்டியாளர்" என்று அறிவித்தார். கூட்டம் கை தட்டியது. நானும் தட்டினேன்.

இரண்டாவது சுற்றில் அதே வளைவுக்கு நிதானமாக வந்து சுத்தமாகத் திருப்பினாள். மூன்றாவது சுற்றில் நிதானமாக வரவில்லை. ஆனாலும் சுத்தமாகத் திருப்பினாள்.

ஒன்பது பேரில் ஐந்தாவது.

வண்டியை நிறுத்திவிட்டு இறங்கியபோது முடியெல்லாம் நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. ஈரோட்டுப் பெண் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். பல் டாக்டர், "அக்கா, அந்த இண்டிகேட்டர்" என்று ஆரம்பித்துச் சிரிப்பில் முடிக்க முடியாமல் போனார். எல்லோரும் விலகியதும் நான் கிட்டே போனேன். எவ்வளவோ கேட்க நினைத்திருந்தேன். வாயில் வந்தது இதுதான்.

"முள்ளு எவ்வளவு போச்சு?"

"எந்த முள்ளு?"

"கேஜ். மூணாவது சுத்துல. ஒன்னைத் தொட்டுச்சா?"

ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"ஐயோ மாமா. அந்த வேகத்துல அதைப் பாக்க யாருக்கு நேரம்? ஒருக்காக்கூடப் பாக்கலை."

டியூப் மாற்றியது, ஸ்போக் குத்தியது, கேபிள் டை போட்டது எல்லாம் ஒரு நிமிடம் கண் முன்னால் வந்து போயின. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரிக்க ஆரம்பித்தாள். இலியாஸ் எங்கள் மூன்று பேருக்கும் டீ வாங்கி வந்தபோது நாங்கள் இருவரும் அந்த டயர்கள் மேல் உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் பார்ப்பதும் சிரிப்பதுமாக இருந்தோம். அவருக்கு எதுவும் விளங்கவில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

உடம்பெல்லாம் வலி. ஓட்டியது அவள், வலி எனக்கு. வேலியில் ஏறியதில் முழங்காலில் சிராய்ப்பு.

காலையில் இட்லி சாப்பிடும்போது வாணி போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். ஏப்ரலில் ஏற்காட்டுப் பக்கம் மலைப்பாதையில் இதே மாதிரி ஒன்று நடத்துகிறார்களாம். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

இட்லியைப் பிட்டவன் கையை எடுத்துவிட்டேன்.

"எனக்குப் பயமா இருக்குது வாணி" என்றேன்.

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். பொடி டப்பாவை என் பக்கம் தள்ளினாள்.

"எனக்குந்தான் மாமா" என்றாள்.